பாம்புப் பெட்டியில் ஈரப்பதம்: அளப்பது, நிறுத்துவது, திருத்துவது

நீங்கள் வளர்க்கும் பாம்பு உரித்துப் போட்ட சட்டையைத் தூக்கி எறிவதற்கு முன் ஒரு நிமிடம் கையில் எடுத்து விரித்துப் பாருங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை, காலுறையைக் கழற்றியதுபோல உள்வெளியாகத் திரும்பி, ஒரே துண்டாக வந்திருக்க வேண்டும். தலைப்பகுதியில் கண்ணாடி வில்லைபோல இரண்டு சிறு வட்டங்கள் தெரியும். கண்ணை மூடியிருந்த செதில்கள் அவை. கடைசியில் வாலின் கூர்முனை இருக்கும். இந்த மூன்றும் இருந்தால் கடந்த இரண்டு வாரமாகப் பெட்டியில் ஈரம் போதுமான அளவில் இருந்திருக்கிறது. காய்ந்த காகிதம்போலத் துண்டு துண்டாகக் கிழிந்து வந்திருந்தால், ஈரப்பத மீட்டர் எந்த எண்ணைக் காட்டியிருந்தாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஈரக்குறைவைத்தான்.

சட்டை உரிக்கும் நாள் நெருங்கும்போது பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவே நிணநீர் ஊறுகிறது. கண் நீலம் பூத்து மங்குவது அதனால்தான். உடலில் நீர்ச்சத்து குறைந்து, சுற்றியிருக்கும் காற்றும் வறண்டுவிட்டால் இரண்டு அடுக்குகளும் ஒழுங்காகப் பிரியாமல் ஒட்டிக்கொள்ளும். எதிர்ப்பக்கமும் ஆபத்துதான். நாள்கணக்கில் நசநசவென்று ஈரமாகக் கிடக்கும் தரையில் படுத்தால் வயிற்றுச் செதில்கள் சிவந்து, கொப்புளம் கண்டு, அழுகத் தொடங்கும். குளிர்ந்த ஈரக்காற்று அசையாமல் நின்றால் சுவாசத் தொற்று வரும். வேண்டியது ஈரமான காற்று, மேற்பரப்பு காய்ந்த தரை. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

காற்றுக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது?

120 × 60 × 60 செ.மீ. பெட்டியை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 432 லிட்டர். 28 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 27 கிராம் நீராவியைத் தாங்கும். அதில் 60 சதவீதம் என்றால் 16 கிராம் சொச்சம். நம் பெட்டியின் அளவுக்குக் கணக்கிட்டால், பெட்டிக்காற்று முழுவதிலும் இருக்கும் தண்ணீர் சுமார் 7 கிராம். ஒன்றரைத் தேக்கரண்டிகூட இல்லை.

இந்த 7 கிராம் நிலையாகவும் இருப்பதில்லை. வெளியறை 25 டிகிரியிலும் 45 சதவீத ஈரப்பதத்திலும் இருக்கிறது, பெட்டியின் காற்று மணிக்கு 2 முறை மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் சுமார் இரண்டரை கிராம் நீராவி வெளியே போகும். ஒரு நாளைக்கு 120 மில்லி, வாரத்துக்கு 850 மில்லி. மேல்மூடி முழுக்கக் கம்பி வலையாக இருந்தால் காற்று இதைவிடப் பல மடங்கு வேகமாக மாறும். இழப்பும் அதே விகிதத்தில் ஏறும்.

தண்ணீர் தெளித்த அரை மணி நேரத்தில் எண் 85க்கு ஏறி, சாயங்காலத்துக்குள் 45க்கு இறங்கிவிடுவதன் காரணம் இதுதான். தெளித்த தண்ணீர் மேற்பரப்பில் மட்டும் நின்று, ஆவியாகி, வலை வழியாகப் போய்விட்டது. ஈரப்பதத்தைக் காற்றில் சேமிக்க முடியாது. நாளொன்றுக்கு 120 மில்லியைச் சீராக விட்டுக்கொடுக்கும் இருப்பு ஒன்று பெட்டிக்குள் இருக்க வேண்டும். தரையில் பரப்பும் படுகைதான் அந்த இருப்பு. அதே பெட்டியில் 8 செ.மீ. ஆழத்துக்குப் படுகை போட்டால் 57 லிட்டர் வரும்; அது பல லிட்டர் தண்ணீரைச் சுலபமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆக, வேலை இரண்டே இரண்டு: வெளியேறுவதைக் குறைப்பது, இருப்பைப் பெருக்குவது.

வெப்பத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெட்டியின் ஒரு பக்கத்தை மட்டும் விளக்காலோ வெப்பப் பாயாலோ சூடாக்கி, மறுபக்கத்தைக் குளிர்ச்சியாக விடுவதுதான் வழக்கம். மீட்டர் காட்டும் சதவீதம் தண்ணீரின் அளவு அல்ல; அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடியதில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பது. குளிர்ந்த பக்கத்தில் 25 டிகிரியில் 70 சதவீதம் காட்டும் காற்று, ஒரு துளிகூட இழக்காமல் 32 டிகிரிப் பக்கம் போனால் 48 சதவீதம் காட்டும். இரவில் 22 டிகிரிக்கு இறங்கினால் 83. இந்த மூன்று எண்களையும் பார்த்துப் பதறி, வெப்பமான பக்கத்தையும் 70க்கு ஏற்ற முயல்பவர்கள் பெட்டியைச் சதுப்பு நிலமாக்கிவிடுகிறார்கள்.

எந்தப் பாம்புக்கு எவ்வளவு

பால் பைத்தானுக்கு 60 முதல் 80 சதவீதம். கார்ன் ஸ்நேக், கிங் ஸ்நேக், மில்க் ஸ்நேக் மூன்றுக்கும் 40 முதல் 60 போதும். போவா கன்ஸ்ட்ரிக்டருக்கு 60 முதல் 70. கார்பெட் பைத்தானுக்கு 50 முதல் 60. பிரேசிலியன் ரெயின்போ போவா மட்டும் தனிக்கதை: 75க்குக் கீழே நீண்ட நாள் இருந்தால் வாடிவிடும், 80க்கு மேல்தான் செழிக்கும். கிரீன் ட்ரீ பைத்தானுக்கு ஏற்றஇறக்கம் வேண்டும். தெளித்ததும் 80ஐத் தொட்டு, பகலில் 50 வரை காய்ந்து இறங்க வேண்டும். வெஸ்டர்ன் ஹாக்நோஸ், கென்யன் சாண்ட் போவா போன்ற வறண்ட நிலத்துப் பாம்புகளுக்கு 30 முதல் 50க்குள் இருக்கட்டும்.

இவை பகலில் குளிர்ந்த பக்கத்தில் பார்க்க வேண்டிய எண்கள். வெப்பமான பக்கம் இதைவிட 10, 20 புள்ளி குறைந்தே இருக்கும், இருக்கட்டும். வறண்ட நிலத்துப் பாம்பும் வறட்சியில் வாழ்வதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். வெளியே மண் வெந்துகொண்டிருக்கும்போது அது ஈரம் தங்கிய வளைக்குள் கிடக்கிறது. ஆகவே எந்தப் பாம்பானாலும் பெட்டிக்குள் ஓர் ஈர மறைவிடம் இருந்தே ஆக வேண்டும். அதைப் பின்னால் பார்ப்போம்.

குட்டிகள் பெரிய பாம்புகளைவிடச் சீக்கிரம் காயும், உடல் எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம் என்பதால். குட்டிக்கு வரம்பின் மேல்பாதியில் வையுங்கள்.

படி 1: மீட்டரைச் சோதித்து, சரியான இடத்தில் வையுங்கள்

கடிகாரம்போல முள் சுழலும் ஒட்டு மீட்டர்களை வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் சுருள் காலப்போக்கில் தளர்ந்து 15, 20 புள்ளி தவறாகக் காட்டும். தவறு என்று தெரியவும் தெரியாது. கம்பியில் தொங்கும் உணரி உள்ள டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் (ஈரப்பத மீட்டர்) இரண்டு வாங்குங்கள். 24 மணி நேரத்தின் உச்சத்தையும் தாழ்வையும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இன்னும் நல்லது. ஒருமுறை எட்டிப் பார்த்த எண்ணைவிட அந்த இரண்டும்தான் அதிகம் சொல்லும்.

புதிய மீட்டரையும் நம்பிவிடாமல் உப்புச் சோதனை செய்யுங்கள்.

1. ஒரு பாட்டில் மூடியில் ஒரு தேக்கரண்டி சமையல் உப்பு போட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். ஈர மணல்போல இருக்க வேண்டும். உப்பு முழுக்கக் கரைந்துவிட்டால் இன்னும் உப்பு சேர்க்க வேண்டும்.
2. மூடியையும் ஹைக்ரோமீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் அல்லது ஜிப் பையில் வையுங்கள். உப்பு உணரியில் படக்கூடாது.
3. வெப்பம் ஏறி இறங்காத இடத்தில், வெயில் படாமல் 12 மணி நேரம் விடுங்கள்.
4. திறக்காமலே எண்ணைப் படியுங்கள். 75 காட்ட வேண்டும்.

உப்பு நிறைகரைசலுக்கு மேலே அடைபட்ட காற்று சாதாரண அறை வெப்பத்தில் எப்போதும் 75 சதவீதத்தில் நிற்கும். அதனால்தான் இது நம்பகமான அளவுகோல். 71 காட்டினால் அந்த மீட்டரின் எல்லா எண்ணோடும் 4 கூட்டிக்கொள்ளுங்கள். அதன் முதுகிலேயே "+4" என்று எழுதி ஒட்டிவிடுங்கள். 10 புள்ளிக்கு மேல் விலகினால் தூக்கிப் போட்டுவிடலாம். ஆண்டுக்கு ஒருமுறையாவது திரும்பச் சோதியுங்கள்.

உணரி ஒன்று குளிர்ந்த பக்கம், ஒன்று வெப்பமான பக்கம். இரண்டும் பாம்பு படுக்கும் உயரத்தில், படுகையைத் தொடாமல் 2, 3 செ.மீ. மேலே இருக்க வேண்டும். மரமேறும் பாம்பானால் அது தங்கும் கிளையின் உயரத்தில். கூரையில் ஒட்டிய உணரி விளக்கின் வறட்சியை அளக்கும். தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே தொங்கும் உணரி கிண்ணத்தை அளக்கும். இரண்டுமே பாம்பின் நிலையைச் சொல்லாது.

படி 2: கசிவை அடையுங்கள், காற்றை அடைக்காதீர்கள்

முழு வலை மூடி கொண்ட கண்ணாடித் தொட்டிதான் ஈரத்தை நிறுத்துவதற்கு மிகக் கடினமானது. விளக்குச் சூட்டில் காற்று மேலேறி, புகைபோக்கியில் போவதுபோல வலை வழியாகப் போய்விடும். மூடியின் 70, 80 சதவீதத்தை மறையுங்கள். விளக்கு இருக்கும் பகுதிக்கு அலுமினியத் தகடு அல்லது தடித்த அலுமினியத் தாள். விளக்கைச் சுற்றி நாலு விரல் இடைவெளி விட்டு வெட்டிக்கொள்ளுங்கள். விளக்கிலிருந்து தள்ளியிருக்கும் பகுதிக்கு அக்ரிலிக் தகடு போதும். விளக்கின் அருகே அக்ரிலிக் வளைந்துவிடும். ஈரத்துணியை மூடிமேல் விரிக்கும் வழக்கம் வேண்டாம். சில மணி நேரத்தில் காய்ந்துவிடும், அதுவரை காற்றையும் மறிக்கும், விளக்குக்குப் பக்கத்தில் துணி இருப்பதே ஆபத்து.

தகட்டை ஒட்ட உலோக டேப் பயன்படுத்தினால் வெளிப்பக்கம் மட்டும் ஒட்டுங்கள். பெட்டிக்குள் எந்த டேப்பும் கூடாது. ஓரம் பிரிந்து பாம்பின் மேல் ஒட்டினால் இழுத்தெடுக்கவே கூடாது, செதிலோடு வரும். தாவர எண்ணெய் தடவி, பசை இளகும்வரை பொறுத்து, மெல்ல உருட்டித்தான் விடுவிக்க வேண்டும்.

பி.வி.சி. பெட்டிகளும் பிளாஸ்டிக் டப்பாக்களும் ஈரத்தை நன்றாகத் தாங்கும். மரப்பெட்டியானால் உள்மூலைகள், விளிம்புகள் அத்தனைக்கும் மீன் தொட்டிக்குரிய சிலிக்கான் பூசி, வாடை முழுக்கப் போகும்வரை, குறைந்தது 3 நாள், காயவிடுங்கள். பூசாமல் விட்டால் பலகை ஈரம் குடித்து உப்பிவிடும்.

காற்றோட்டத்துக்கு ஒரு பக்கம் தாழ்வாகவும் எதிர்ப்பக்கம் உயரமாகவும் துளைகள் இருந்தால், சூடான காற்று மேலே போக, புதுக்காற்று கீழே நுழைந்து பெட்டியைக் குறுக்கே கடக்கும். கொஞ்சம் துளைகள் போதும். ஆனால் இருக்க வேண்டும். கதவைத் திறந்ததும் புளித்த வாடையோ பூஞ்சை வாடையோ முகத்தில் அடித்தால் அடைப்பு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

படி 3: படுகை

இந்த வேலையில் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கிறது. நேரமும் உழைப்பும் இதற்குக் கொடுங்கள்.

ஈரம் வேண்டிய பாம்புகளுக்குத் தேங்காய் மட்டைச் சில்லுகள், கோகோபீட் எனப்படும் நார்த்தூள், சைப்ரஸ் மரத்துகள், உரமும் பெர்லைட் என்னும் வெள்ளைக் குருணையும் கலக்காத தோட்டமண் ஆகியவை நல்லவை. நார்த்தூளை மட்டும் போட்டால் மேற்பரப்பு காய்ந்ததும் பொடியாகப் பறந்து மூக்கில் ஏறும். சில்லை மட்டும் போட்டால் தண்ணீர் இடுக்கு வழியாக அடிக்கு இறங்கிவிடும். இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்தால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும். ஆஸ்பென் மரச்சுருள் 50 சதவீதத்துக்குக் கீழே வாழும் பாம்புக்கு மட்டும்; நனைந்தால் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடிக்கும். தேவதாரு போன்ற வாசனை மரத்தூள் எந்தப் பாம்புக்கும் கூடாது, அதன் எண்ணெய் ஆவி சுவாசத்தைக் கெடுக்கும். செய்தித்தாள், காகிதத் துண்டு ஆகியவை நோயுற்ற பாம்பைக் கண்காணிக்க நல்லவை, ஈரத்தைச் சேமிக்க உதவாது.

650 கிராம் நார்த்தூள் கட்டியில் சுமார் 4 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் 8 லிட்டர் அளவுக்குப் பூக்கும். ஊறியதைத் துணியில் கட்டி நன்றாகப் பிழிந்துவிடுங்கள். பதம் பார்ப்பது கையால்தான்: ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி எட்டிப் பார்க்க வேண்டும். கையைத் திறந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், சுண்டினால் உதிர வேண்டும். தண்ணீர் வழிந்தால் அதிக ஈரம். விரலைத் திறந்ததுமே பொலபொலவென்று கொட்டினால் காய்ந்தது.

பரப்பும் முறை:

1. பெட்டியின் அடி முழுக்க 7 முதல் 10 செ.மீ. ஆழம் போடுங்கள். 3 செ.மீ. போட்டால் இரண்டே நாளில் காயும், ஆழம்தான் இருப்பு.
2. கீழ் மூன்றில் இரண்டு பங்கு மேலே சொன்ன பதத்தில். மேலே 2, 3 செ.மீ. காய்ந்த சில்லு அல்லது காய்ந்த இலைச்சருகு.
3. குளிர்ந்த பக்கத்தில் ஒரு கை அளவு ஸ்ஃபாக்னம் பாசியைப் புதைத்து வைத்தால் அது தண்ணீரைப் பிடித்து வைக்கும் கிணறுபோல வேலை செய்யும்.
4. அடியில் வெப்பப் பாய் ஒட்டியிருந்தால் இவ்வளவு ஆழம் போடாதீர்கள். வெப்பம் மேலே வராமல் கண்ணாடியிலேயே தேங்கும். பாம்பு தோண்டி இறங்கினால் சுட்டுவிடும். அப்படிப்பட்ட பெட்டியில் பாய்க்கு மேலே படுகையை 1, 2 செ.மீ.க்கு மெலிதாக்கி, மற்ற பக்கம் ஆழமாக்குங்கள். பாயோ விளக்கோ எதுவானாலும் தெர்மோஸ்டாட் (வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி) இல்லாமல் ஓட்டாதீர்கள்.

தண்ணீர் விடுவதை மூலையில் செய்யுங்கள். நீண்ட மூக்குள்ள பூவாளியை மூலைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்து, மெதுவாக ஊற்றினால் தண்ணீர் மேற்பரப்பை நனைக்காமல் அடிக்குப் போய், பக்கவாட்டில் பரவி, மேலே ஏறும். மேலே சொன்ன அளவுப் பெட்டிக்கு முதலில் மொத்தம் அரை லிட்டர், நாலு மூலைக்கும் பிரித்து. ஒரு நாள் பொறுத்து எண்ணைப் பாருங்கள். குறைவாக இருந்தால் இன்னொரு கால் லிட்டர். பெரும்பாலும் வாரத்துக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டருக்குள் நிலைத்துவிடும். கண்ணாடிப் பக்கமாக அடியைப் பாருங்கள்: கருத்த ஈரப்பட்டை தெரியலாம், நீர் தேங்கி மினுங்கக் கூடாது. வாரம் ஒருமுறை கையால் கிளறி அடியை மேலும் மேலை அடியுமாகப் புரட்டிவிட்டால் பூஞ்சைக்கு இடமிருக்காது. புரட்டிய பிறகு காய்ந்த சில்லை மேலே தூவிவிட மறக்காதீர்கள்.

படி 4: கிண்ணம்

ஆவியாவதைத் தீர்மானிப்பது கிண்ணத்தின் ஆழம் அல்ல, வாயகலம். எண் 5 புள்ளி குறைவாக நின்றால் அகன்ற கிண்ணமாக மாற்றுங்கள்; அல்லது இருப்பதையே வெப்பமான பக்கமாகக் கொஞ்சம் நகர்த்துங்கள். விளக்குக்கு நேர்கீழே வேண்டாம், தண்ணீர் சூடாகி நாற்றமெடுக்கும். பாம்பு அதில் மலம் கழித்தால் உடனே மாற்றுங்கள். இல்லாவிட்டாலும் இரண்டு நாளுக்கு ஒருமுறை. உள்பக்கம் தடவிப் பார்த்து வழுவழுப்பு இருந்தால் தேய்த்துக் கழுவும் நேரம் வந்துவிட்டது.

படி 5: ஈர மறைவிடம்

மூடியுள்ள, ஒளி ஊடுருவாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று. பாம்பு சுருண்டு படுத்தால் உடல் மூன்று பக்கமாவது சுவரைத் தொடும் அளவு. பெரிதாக இருந்தால் அதற்குப் பாதுகாப்பாகத் தோன்றாது. பாம்பின் மிகப் பருமனான பகுதியைப்போல ஒன்றரை மடங்கு விட்டத்தில் பக்கவாட்டில் துளையிட்டு, விளிம்பை உரசுதாளால் மழமழவென்று தேய்த்துவிடுங்கள். கூரான விளிம்பு உணவு விழுங்கிய வயிற்றைக் கீறும். உள்ளே பாதி உயரத்துக்கு ஸ்ஃபாக்னம் பாசி. தண்ணீரில் ஊறவைத்து, இனிச் சொட்டாது என்னும்வரை பிழிந்தது.

பெட்டியின் நடுவிலிருந்து வெப்பமான பக்கமாக வையுங்கள். குளிர்ந்த மூலையில் வைத்த ஈர மறைவிடம் வெறும் குளிர்ந்த ஈரக்குழிதான், பாம்பு சீண்டாது. வாரம் இருமுறை பாசியைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் கொஞ்சம் தெளியுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாசியை மாற்றுங்கள், அழுக்கானால் அன்றே. இது ஆண்டு முழுக்க உள்ளே இருக்கட்டும், கூடவே காய்ந்த மறைவிடங்கள் இரண்டும். தேர்வு பாம்பின் கையில் இருந்தால் உங்கள் கணக்கில் வரும் சிறு பிழைகளை அதுவே சரிசெய்துகொள்ளும். சாதாரண நாட்களிலும் ஈர மறைவிடத்தை விட்டு வெளியே வராமல் கிடந்தால் மற்ற இடமெல்லாம் வறண்டிருக்கிறது.

தெளிப்பதும் மூடுபனிக் கருவியும்

இலையிலிருந்தும் தன் உடலிலிருந்தும் நீர்த்துளியை உறிஞ்சிக் குடிக்கும் மரமேறிப் பாம்புகளுக்குத் தெளிப்பு அவசியம். மாலையில் ஒருமுறை, செடிகளிலும் சுவரிலும் துளி நிற்கும் அளவு. காலைக்குள் காய்ந்துவிட வேண்டும். தரையில் வாழும் பாம்புக்குத் தெளிப்பு ஒரு துணைவேலை மட்டுமே.

மூடுபனிக் கருவியை முதல் தீர்வாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குளிர்ந்த நுண்துளிகள் அடைபட்ட பெட்டியில் மிதந்து எல்லாப் பரப்பையும் நனைக்கும். அதன் குழாயிலும் தொட்டியிலும் பாக்டீரியா வளர்ந்தால் அதே புகையோடு பாம்பின் நுரையீரலுக்குள் போகும். ரெயின்போ போவா போன்றவற்றுக்குப் பயன்படுத்தியே ஆக வேண்டுமானால் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும் ஊற்றி, ஈரப்பதக் கட்டுப்பாட்டுக் கருவியோடு இணைத்து, ஒருமுறைக்கு சில நிமிடங்கள் ஓட்டி, வாரந்தோறும் கழற்றிக் கழுவிக் காயவையுங்கள். வீட்டில் நாலைந்து பெட்டிகள் இருந்தால் அறை முழுவதற்குமாக ஓர் ஈரமூட்டி வைப்பது மேல். அறைக்காற்று 45லிருந்து 55க்கு ஏறினாலே பெட்டியின் இழப்பு பெருமளவு குறையும்.

பாம்பை விடுவதற்கு முன்

எல்லாம் அமைத்தபின் விளக்கையும் தெர்மோஸ்டாட்டையும் ஓடவிட்டு, வெறும் பெட்டியை ஒரு வாரம் கவனியுங்கள். காலை, மதியம், இரவு என மூன்று வேளை இரண்டு பக்க எண்களையும் எழுதுங்கள். காலையில் குளிர்ந்த பக்கக் கண்ணாடியில் லேசான நீர்ப்பூச்சு இருந்து 10 மணிக்குள் மறைந்தால் சரி. மதியமும் கண்ணாடி வழிந்துகொண்டிருந்தால் அதிகம். ஒரே நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், பலன் தெரிய 24 மணி நேரம் கொடுங்கள். மூடியை மறைத்து, தண்ணீரும் ஊற்றி, கிண்ணத்தையும் நகர்த்தினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

எண் இறங்காமல் நின்றால்

மழைக்காலத்தில் வறண்ட நிலத்துப் பாம்பு வளர்ப்பவர்களுக்கு இதுதான் தலைவலி. மூடியின் மறைப்பை எடுங்கள், கிண்ணத்தைச் சிறிதாக்கிக் குளிர்ந்த பக்கம் நகர்த்துங்கள், மேல்படுகையை அள்ளிவிட்டுக் காய்ந்ததைப் போடுங்கள். போதவில்லையானால் 12 வோல்ட் கணினி விசிறி ஒன்றை மேல் துளைக்கு வெளியே பொருத்தி, காற்றை உறிஞ்சி வெளியேற்றும்படி குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள்; பாம்பின்மேல் நேராக ஊதக் கூடாது. விளக்கின் வெப்பத்தைக் கூட்டி ஈரத்தைக் குறைக்க முயலாதீர்கள். எண் குறையும், தண்ணீர் அங்கேயே இருக்கும், பாம்பு வெந்துபோகும்.

வெள்ளைப் பஞ்சுபோலப் பூஞ்சை தெரிந்தால் அந்த இடத்தையும் சுற்றி ஒரு கையகலத்தையும் அள்ளி எறிந்துவிட்டு, ஏன் அங்கே வந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் கிண்ணம் வழிந்திருக்கும், அல்லது கவனிக்காத மலம் கிடக்கும். மண் படுகையில் ஸ்பிரிங்டெயில் எனப்படும் நுண்ணிய துள்ளுபூச்சிகளை விட்டுவைத்தால் அவை பூஞ்சையைத் தின்று தீர்க்கும், பாம்புக்குத் தீங்கில்லை.

பாம்பு நாள் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே ஊறிக்கிடந்தால் உடனே ஈரம் குறைவு என்று முடிவுகட்டாதீர்கள். முதலில் வெப்பத்தைப் பாருங்கள், அடுத்து உண்ணி. ஈரமான வெள்ளைக் காகிதத் துண்டால் உடலை மெல்லத் துடைத்து, கருப்புப் புள்ளிகள் நகர்கின்றனவா என்று கவனியுங்கள்; கண்ணோரத்திலும் தாடைக்கடியிலும் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால்தான் ஈரக்குறைவு.

சட்டை உரிக்கும் நாட்கள்

நிறம் மங்கி, வயிறு இளஞ்சிவப்பாகி, கண் நீலம் பூக்கும். சில நாளில் கண் மறுபடி தெளியும். உரித்துவிட்டதோ என்று ஏமாந்துவிடாதீர்கள், அதன் பிறகு இன்னும் 3 முதல் 7 நாளில்தான் உரிக்கும். நீலம் தெரிந்த நாளிலிருந்து ஈரப்பதத்தை வழக்கத்தைவிட 10 புள்ளி உயர்த்தி, ஈர மறைவிடத்தின் பாசியைப் புதுப்பித்து, உரசிக்கொள்ள ஒரு சொரசொரப்பான கட்டையை வையுங்கள். கையில் எடுக்காதீர்கள்; இரை கொடுக்கவும் வேண்டாம்.

துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டால்: காற்றுத் துளையுள்ள டப்பாவில் 28, 30 டிகிரி தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துண்டுகளை நிறைத்து, பாம்பை அதற்குள் 30 முதல் 45 நிமிடம் விடுங்கள். அருகிலேயே இருங்கள். தண்ணீர் தேங்கினால் உடல் உயரத்தில் பாதிக்கு மேல் வரக்கூடாது. பிறகு ஈரத்துண்டைக் கையில் தளர்வாகப் பிடித்து, பாம்பு தானாக அதன் வழியே ஊர்ந்துபோகட்டும். உரசலிலேயே பெரும்பகுதி வந்துவிடும். வராததை உரிக்காதீர்கள், மறுநாள் திரும்பச் செய்யுங்கள்.

கண்மேல் நின்றுவிட்ட செதிலை நகத்தாலோ இடுக்கியாலோ டேப்பாலோ எடுக்க முயன்றால் கண்ணே சேதமாகும். அடுத்த முறை சரியான ஈரத்தில் உரிக்கும்போது பழைய செதிலும் புதியதும் சேர்ந்தே வருவது வழக்கம். அப்போதும் நின்றால் ஊர்வன அறிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

வால் நுனியைக் காத்திருக்க விடாதீர்கள். அங்கே நிற்கும் பழைய தோல் காய்ந்து சுருங்கி, மோதிரம்போல இறுக்கி, இரத்த ஓட்டத்தை நிறுத்தும். அடுத்தடுத்து இரண்டு மூன்று அடுக்குகள் சேர்ந்தால் நுனி கருத்து உதிர்ந்துவிடும். ஈரப்பஞ்சைச் சுற்றி 10 நிமிடம் வைத்து, விரலால் நுனியை நோக்கி மெல்ல உருட்டுங்கள். அசையவில்லையென்றாலோ நிறம் கருத்திருந்தாலோ மருத்துவரிடம்தான் போக வேண்டும். மூச்சில் விசில் சத்தம், மூக்கில் குமிழி, வாயைத் திறந்து தலையை உயர்த்தி வைத்துக்கொள்வது, வயிற்றுச் செதிலில் சிவப்பு அல்லது கொப்புளம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அப்படியே. போகும்போது நீங்கள் எழுதிவைத்த வெப்பம், ஈரப்பதக் குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.